லோசா போட்ட மாலை

"அந்தத் தூண்ல சாயாதீங்க."

பனபா திடுக்கிட்டு நிமிர்ந்தான். எதிரே கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு பெண்... பெரிய கண்கள், அதைவிடப் பெரிய கோபம்.

"ஏன், விழுந்துடுமா?"

"தூண் விழாது. நீங்கதான் விழுவீங்க. அது எங்க அப்பா உட்கார்ற இடம்."

ஃபுனாஃபுதி தீவின் ஊர்க்கூடத்தில் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பெரியவர் உண்டு. கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆக்லாந்தில் வளர்ந்து, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கென்று அம்மாவோடு வந்திருந்த இந்த ஆறடி ஆளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் லோசாவின் அப்பாவோ பின்னாலேயே வந்து நின்றிருந்தார். பனபா எழுந்தான். உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் முதுகை நன்றாக வளைத்துக் குனிந்தபடியே வாசல் வரை போனான். அந்த ஊர் மரியாதை மட்டும் சரியாக வந்தது. லோசாவுக்கு அந்தக் குனிவு பிடித்துத் தொலைத்தது.

விமானம் வராத சாயங்காலங்களில் ஓடுபாதைதான் ஊருக்கே மைதானம். அங்கே வாலிபாலில் அவன் அவள் அணியிலேயே வந்து சேர்ந்தான்.

"எல்லாப் பந்தையும் கடலுக்கே அனுப்புறீங்களே... அதுக்கும் டிக்கெட் எடுத்தாச்சா?"

"நீங்க எதிர்ல நின்னா ஒழுங்கா அடிப்பேன். பக்கத்துல நின்னா எப்படி?"

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. குடிக்கத் தண்ணீர் அதுதானே... எல்லோரும் தொட்டியைத் திறந்துவைக்க ஓடினார்கள். இவர்கள் இருவர் மட்டும் வலையடியில் நின்றார்கள். அவன் இமைகளில் நீர்த்துளிகள். லோசா பார்க்காதவள் போலப் பார்த்தாள்.

"நான் இங்கேயே இருந்துடட்டுமா, லோசா?"

ஆமாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அப்பா காலையில்தான் சொல்லியிருந்தார்: "விமானத்துல வந்தவன் விமானத்துல போயிடுவான். நீ அழுதுக்கிட்டு நிக்காத." லோசா யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள்.

"இருந்தா இருங்க. எனக்கென்ன வந்தது?"

அவன் முகம் வாடியது. அப்புறம் விளையாட வரவில்லை.

விமான நாளன்று சைரன் ஊதியது. நாய்களையும் பிள்ளைகளையும் ஓடுபாதையிலிருந்து விரட்டினார்கள். வழக்கம்போல ஊரே கூடிவிட்டது. கூட்டத்தில் பனபா... தோளில் பெரிய பை.

போகிறான். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது?

லோசா விறுவிறுவென்று போனாள். கையிலிருந்த பூமாலையை அவன் கழுத்தில் போட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்பவே. இந்தத் தீவை விட்டு நான் வரமாட்டேன். ஆனா நீங்க திரும்பி வந்தா இங்கதான் இருப்பேன். போயிட்டு வாங்க."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பா தொண்டையைச் செருமினார்.

பனபாவின் காது சிவந்துவிட்டது. "லோசா... நான் போகலையே. அம்மாவ ஏத்திவிட வந்தேன். இது அவங்க பை."

அவன் பின்னால், கழுத்து நிறைய மாலைகளோடு அவன் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

லோசாவுக்கு ஓடுபாதை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் கையை நீட்டினாள்.

"அப்போ மாலையக் குடுங்க. அது ஊருக்குப் போறவங்களுக்குப் போடறது."

"தரமாட்டேன். மழை பெஞ்ச மறுநாளே என் டிக்கெட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ வேண்டாம்னாலும் உன் ஊர்லயாவது இருக்கலாம்னுதான்... எனக்கு நீதான் லோசா. வேற யாரும் இல்ல."

லோசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"மாப்பிள்ளை," என்றார் அப்பா, "ரெண்டு பேரும் கொஞ்சம் ஓரமா வாங்க. விமானம் கிளம்பணும்."