நான்கு நிமிடம் நின்றவன்

மே மாதம் பதினேழாம் தேதி மாலை நான்கு பத்துக்கு, நெடுஞ்சாலையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே, மணல்மேடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நிறுத்தப்பட்டது.

காரிலிருந்து இறங்கிய புகைப்படக்காரி கணவனோடு முகம்கொடுத்துப் பேசி இரண்டு நாளாகியிருந்தது. ஒரு நாட்காட்டிக்குப் பன்னிரண்டு படங்கள். எதிலும் ஆள் தெரியக் கூடாது. மலைப் பள்ளத்தாக்குகளில் எடுத்த மூன்று படங்களில் ஓர் ஆள் நின்றான். முதலில் எதிர்ச்சரிவில், கடுகளவு. அடுத்ததில் ஓடைக்கு அப்பால். மூன்றாவதில் இப்பால், முதுகைக் காட்டிக்கொண்டு. சுற்று வட்டாரத்தில் அவர்கள் இருவரைத் தவிர ஈ, காக்கை இல்லை. கணவனுக்கோ காலில் சக்கரம். அவள் கேமராவைப் பொருத்தி வைத்தால் போதும், கல் பொறுக்கக் கிளம்பிவிடுவான்.

அது தானில்லை என்று அவன் சத்தியம் செய்து பார்த்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கார்லயே உட்காருங்க. நான் கூப்பிடற வரைக்கும் என் கண்ணுல படாதீங்க."

"நாலு நிமிஷம் ஒரே இடத்துல நிக்கற ஆளா இருந்தா, உங்கப்பா எனக்குச் சிலையே வெச்சிருப்பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் சிரிக்கவில்லை.

லென்சின் முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தினாள். அதன் வழியே ஒளி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஒரு படத்துக்கு நான்கு நிமிடம். அதற்குள் பறக்கும் பறவையும் நடக்கும் மனிதனும் தடமின்றிக் கரைந்துபோவார்கள். அசையாதது மட்டுமே பதியும்.

பொத்தானை அழுத்திவிட்டு நின்றாள். காற்று மணலை மேட்டின் முதுகிலிருந்து மெல்லச் சுரண்டி, யாரோ பல்லுக்கிடையில் மூச்சு விடுவதுபோல ஓர் ஓசையுடன் மறுபக்கம் சரித்துக்கொண்டிருந்தது; சுட்ட ரப்பர் வாசனை காரின் சக்கரங்களிலிருந்து வந்தது; பின்னால் கார்க் கதவு திறந்தது, மூடவில்லை, மணலில் காலடிகள் நெருங்கின, அவளைத் தாண்டி முன்னே போயின. பக்கத்தில் யாருமில்லை. காற்றின் வேலை என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் அவனைக் கடித்துக் குதறிவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

படம் திரையில் வந்தது.

மணல்மேட்டில் இரண்டு பேர். ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். மற்றவன் அவளுடைய கணவன். சட்டைப் பொத்தான்கூடத் துல்லியம். முடிவெட்டும் நாற்காலியில்கூட நெளிகிற மனிதன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பள்ளத்தாக்குப் படங்களும் நான்கு நிமிடம்தான்; அங்கே நின்றது அவனாக இருந்திருக்கவே முடியாது. இந்தத் தொழிலில் பதினைந்து வருடம். கோபத்தில் இது தோன்றவில்லை.

நிமிர்ந்தாள். மேடு வெறுமையாக இருந்தது.

காருக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. இருக்கை இன்னும் சூடு. மேட்டுக்கு ஓடினாள். தடம் இல்லை. திரும்பக் கேமராவுக்கு. அவனைப் பார்க்க வேறு வழி இல்லை.

நான்கு நிமிடம். கணவனின் பிடரியில் மற்றவன் கை. கணவனின் வாய் திறந்திருந்தது. நான்கு நிமிடமும்.

"விடுடா அவர! கண்ணுல படாதேன்னு நான் சொன்னது அவருக்கு, உனக்கில்ல!"

காற்று.

நான்கு நிமிடம். இன்னும் தள்ளி.

"வாங்க. நான் கூப்பிடறேன்ல, வாங்க."

நான்கு நிமிடம். உச்சியில். கணவனின் ஒரு கை அவளை நோக்கி நீண்டிருந்தது.

நான்கு நிமிடம்.

ஆறரைக்குப் பேட்டரி தீர்ந்தது. கடைசிப் படத்தில் ஒருவன் மட்டும் நின்றான். கணவன் அல்ல. மேட்டிலிருந்து பாதி தூரம் இறங்கி வந்திருந்தான். முதல்முறையாக அவள் பக்கம் திரும்பியிருந்தான்.

காவல்துறை பதினோரு நாள் தேடியது. காரைச் சுற்றி அவள், கணவன் இருவரின் காலடிகள் இருந்தன. மேட்டில் அவளுடையவை மட்டும். கணவன் கிடைக்கவில்லை.