கிழக்கு அலமாரி

காலையில் கடை திறக்க வேண்டிய இரும்புக்கடைக்காரர், கடையைப் பூட்டியபடியே விட்டுவிட்டு நிதானத்தின் வீட்டுக்கு வந்து நின்றார். நிதானம் என்பது பட்டப்பெயர். வீடே பற்றி எரிந்தாலும் மனுஷன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று ஊரில் கேலி. துப்புத் துலக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்வதும் அதே ஊர்தான்.

"எங்க சபையோட வெள்ளிக் கரண்டி காணாமப் போச்சுங்க" என்றார் கடைக்காரர்.

"சாப்பிடற கரண்டியா?" என்று கேட்டாள் நிதானத்தின் அக்கா மகள். பள்ளிக்கூட ஆசிரியை. வாய் சும்மா இருக்காது என்பதால் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். விடுமுறை வந்தால் மாமாவின் வழக்குகளில் மூக்கை நுழைத்துவிடுவாள்.

"சாந்து பூசற கரண்டிம்மா. எங்க சகோதர சபைக்கு முதல் கட்டடம் கட்டினப்போ, அதை வெச்சுத்தான் அஸ்திவாரக் கல் நட்டாங்க. சபைக்கு எதிர்ச்சாரியில இப்போ மரச்சாமான் கிடங்கா இருக்கே, அதுதான் பழைய கட்டடம். இடம் பத்தலைன்னு தெருவுக்கு இந்தப் பக்கம் புதுசா கட்டினப்பவும் அதே கரண்டிதான்."

"யார் மேல சந்தேகம்?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சபையோட காவலாளி மேல. அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். வெள்ளையடிக்க ஆள் வந்ததால சாமானெல்லாம் எடுத்து ஒதுக்கி வெச்சார். அன்னிக்கே பக்கவாதம் வந்து விழுந்துட்டார். 'கரண்டி கிழக்கு அலமாரியில பத்திரமா இருக்கு'ன்னு தங்கச்சிகிட்ட சொன்னதோட அவருக்குப் பேச்சும் போச்சு. போய்ப் பாத்தோம். கிழக்கு அலமாரி காலி."

"வேற எங்கெல்லாம் தேடினீங்க?"

"எங்கயும் தேடல. சொன்ன இடத்துல இல்லைன்னா வித்துட்டார்னுதானே அர்த்தம்னாங்க. சபைக்குப் பின்னால அவங்க குடியிருக்கற பின்கட்டு வீட்டை நாளைக்கே காலி பண்ணணும்னு தீர்மானம் போட்டாச்சு. எல்லாரும் கை தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

"அட, சொந்தத் தங்கச்சி புருஷனுக்கு எதிராவா?" என்று வெடித்தாள் பட்டாசு.

"செயலாளரே நான்தாம்மா. தூக்காம இருந்தா என்னையும் கூட்டுக் களவாணின்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். படுத்த படுக்கையா கிடக்கற மனுஷனை வெச்சுக்கிட்டு அவ எங்க போவா? சோத்துல கை வெச்சா அவ முகம்தான் தெரியுது."

நிதானம் எழுந்து செருப்பைத் தேடினார்.

அன்று மாலையே சபைக் கூடத்தில் உறுப்பினர்கள் கூடினார்கள். வெளியாட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, இது தன்னுடைய விசேஷ சலுகை என்று தலைவர் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். மருந்துக்கடை முதலாளியான அவர் உயரமான நாற்காலியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே வந்த வெயில் பட்டாசின் கண்ணைக் குத்தியது. தலைவரின் முகமே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"மாமா, பின்கட்டு வீட்டைக் குடோனாக்கணும்னு இவருக்கு ரொம்ப நாளா ஆசையாம். இவர்தான் கரண்டியை அமுக்கியிருக்கார்" என்று கிசுகிசுத்தாள்.

"ஆசைப்படறது குத்தமில்ல. கொஞ்சம் பொறு." நிதானம் தலைவரிடம் திரும்பினார். "கூட்டம் நடக்கறப்போ காவலாளி இங்க இருப்பாரா?"

"அதெப்படி? அவர் உறுப்பினர் இல்லையே. ஆள் இல்லாதப்போ பெருக்கித் துடைக்க வருவார், அவ்வளவுதான். அவர் சம்சாரத்தை உள்ள விட்டதே கிடையாது."

"அந்தக் கிழக்கு அலமாரி எது?"

"இதோ, என் நாற்காலிக்குப் பக்கத்துல."

"பட்டாசு, கண்ணு கூசுதா?"

"கூசாம என்ன செய்யும்? சாயங்காலச் சூரியன் நேரா மூஞ்சியில..." அவள் பாதியில் நிறுத்தினாள். "ஐயையோ! சாயங்காலம் சூரியன் கிழக்குலயா இருக்கும்?"

யாரோ சிரிக்கத் தொடங்கிச் சட்டென்று அடங்கினார்கள்.

"தலைவர் கிழக்குல உக்காரணும்கறது சபை விதி" என்றார் தலைவர் விறைப்பாக. "நாற்காலி இருக்கற பக்கம்தான் எங்களுக்குக் கிழக்கு."

"உங்களுக்கு. சரிதான்" என்றார் நிதானம். "பழைய கட்டடம் தெருவுக்கு அந்தப் பக்கம். அதுல வாசல் மேற்கே, நாற்காலி நிஜமாவே கிழக்கே. இந்தப் பக்கம் வந்ததும் வாசல் கிழக்கே திரும்பிடுச்சு, நாற்காலி மேற்கே போயிடுச்சு. பேரை மட்டும் நீங்க விடல. இங்க உக்காந்து உக்காந்து உங்களுக்கு அது பழகிப்போச்சு. காவலாளி ஒரு நாளும் உக்காந்ததில்ல. அவருக்குச் சூரியன் உதிக்கற பக்கம்தான் கிழக்கு. வாசலை ஒட்டி ஒரு அலமாரி இருக்கே, அதுல என்ன இருக்கு?"

"துடைப்பமும் வாளியும். அதை யார் திறப்பாங்க?"

பட்டாசு அதற்குள் திறந்துவிட்டாள். வாளிகளுக்குப் பின்னால், துவைத்த துணியில் சுற்றி, வெள்ளிக் கரண்டி இருந்தது.

தலைவர் இருமினார். "அப்போ, தீர்மானத்தை ரத்து பண்ணிடலாம் சகோதரர்களே" என்றார், கொட்டிய தண்ணீரைத் துடைக்கச் சொல்வதைப் போல. கடைக்காரர் அதைக் கேட்க நிற்கவில்லை. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

அங்கே பாத்திரங்களெல்லாம் மூட்டையாகிவிட்டன. கட்டிலில் காவலாளி அசையாமல் படுத்திருந்தார்.

"கிடைச்சிடுச்சும்மா! மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார், நாங்கதான் மடத்தனமா வேற பக்கம் பாத்துட்டோம். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

காவலாளியின் கண்ணில் நீர் வழிந்தது. தங்கை அதை விரலால் துடைத்துவிட்டாள்.

"நல்லதுண்ணே" என்றாள். "கரண்டி கிடைக்காமலே போயிருந்தா?"

கடைக்காரர் மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். நீ என் தங்கச்சி ஆச்சே, விட்டுடுவேனா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அது வரவில்லை.

"தெரியலம்மா" என்றார் கடைசியில்.

"அதுதாண்ணே எனக்கும் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் கணவனின் தலையணையைச் சரிசெய்யப் போனாள்.