திரிசங்குவில் ஒரு வெந்நீர்த் துண்டு

காலை ஆறு மணிக்கு மணியடித்ததும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கம்பியில் பாதங்களைக் கோத்துக்கொண்டு பூமியை நோக்கித் தலைகீழாகத் தொங்கினார்கள். எடையற்ற இடத்தில் மேலும் கீழும் கிடையாது. ஆனால் அந்த விண்வெளி நிலையத்தின் பெயர் திரிசங்கு. யாரோ விளையாட்டாகத் தொடங்கியது பத்தொன்பது ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது.

புராணத்தில் அந்தப் பெயருள்ள அரசன் உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்டான். முனிவர் தன் தவத்தால் அனுப்பியும் வைத்தார். தேவர்கள் வாசலிலேயே பிடித்துத் தள்ளினார்கள். தலைகீழாக விழுந்தவனை முனிவர் நில் என்றார். பாதி வழியில் நின்றான்.

நீலாயதாட்சிக்கு அவனை நன்றாகப் புரியும். செவ்வாயைச் சுற்றும் அமரபுரி, மனப்படிகளின் குடியிருப்பு. மூளையைப் படியெடுத்து, உடம்பை எரித்துவிட்டுத்தான் அங்கே போக முடியும். அவள் கணவன் அருள்வரதன் அப்படித்தான் போனான். அவளுக்குப் பயமாக இருந்தது. உடம்போடு கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒரு பொறியாளர் சொன்னதை நம்பிக் கப்பலேறினாள். அமரபுரி கதவைத் திறக்கவில்லை. புறப்பட்டவர்களின் பெயர்களைப் பூமி அன்றே குடிமக்கள் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. எரிபொருள் தீர்ந்த கப்பல் நடுவில் நிலையமாயிற்று.

தொங்கி முடித்ததும் ஆளுக்கொரு துண்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தருவார்கள். அதுதான் குளியல். அதைப் பிடரியில் வைக்கும்போது மட்டும், உடம்போடு வந்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றும்.

ஆண்டுக்கொரு முறை அமரபுரிக்கு மனு போகும். நிலைய எழுத்தர் என்பதால் எழுதுவது அவள்தான். பதில் மாறியதில்லை. "உங்கள் நிலைமையை அனுதாபத்துடன் பரிசீலித்தோம். உடம்புள்ளவர்களுக்கு இங்கே இடமில்லை."

இன்று அமரபுரியிலிருந்து மனு வந்திருந்தது. அவர்களுடைய மின்னுலை அணைந்துகொண்டிருக்கிறது. ஒன்பதாயிரம் மனப்படிகளையும் அலைவழியே அனுப்பிவிடலாம். திரிசங்குவின் பழைய நினைவகமும் கொஞ்சம் மின்சாரமும் போதும். நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் யாரும் மிஞ்சமாட்டார்கள். கடைசியில் அருள்வரதன் தனியாக இரண்டு வரி சேர்த்திருந்தான். "நீலா, நீ சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் சொல்லும்மா."

கூட்டத்தில் அவள் சொன்னாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாகக் குரலை உயர்த்திப் பேசினாள். நிலையத் தலைவர் மாசிலாமணி பொறுமையாகக் கேட்டார். அந்தக் கொஞ்சம் மின்சாரம் வெந்நீர்க் கலனுடையது என்றும், இனி எல்லோருக்கும் பச்சைத் தண்ணீர்த் துண்டுதான் என்றும் விளக்கினார். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"அண்ணே, அவங்களுக்கு உடம்பே கிடையாது. எடத்த அடைக்கமாட்டாங்க."

"இன்னிக்கு எடம் கேக்கமாட்டாங்க, தாயி. நாளைக்கு ஓட்டு கேப்பாங்க. ஒன்பதாயிரம் பேரு."

சிலர் சிரித்தார்கள்.

சேர்த்துக்கொள்ளலாம் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னார். நீலாயதாட்சி கையைத் தூக்கினாள். சுற்றிலும் பார்த்தாள். வேறு ஒரு கையும் இல்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களோடுதான் நாளையும் தொங்க வேண்டும்.

தூக்கிய கையால் நெற்றியில் மிதந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஏகமனதா முடிவாச்சுன்னு எழுதிடு," என்றார் மாசிலாமணி.

பதிலுக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. அமரபுரியின் கடைசிக் கடிதத்தை எடுத்தாள். உடம்புள்ளவர்களுக்கு என்பதை உடம்பில்லாதவர்களுக்கு என்று மாற்றினாள். அனுதாபத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அதை அனுப்பிவிட்டு வந்தபோது துண்டு வரிசையில் அவள்தான் கடைசி. ஆனாலும் துண்டு சூடாகவே இருந்தது.