ஒரே ஒரு துண்டு ரொட்டி

"குழம்பு கொதிக்கக் கூடாது. புரியுதா?" என்றாள் அம்மா.

"புரியுதும்மா."

"அதுக்காக அடங்கியும் போயிடக் கூடாது. ஒரு கொப்புளம் வரணும், அது உடையணும், நீ ஒரு மூச்சு விடணும். அப்புறம்தான் அடுத்த கொப்புளம். மூடியை முழுசா மூடாதே. நடுவுல மரக்கரண்டியை வெச்சு மூடு. தண்ணி மட்டும் ஊத்தினேன்னு வெச்சுக்கோ..."

"ஊத்த மாட்டேம்மா!"

நுன்சியாவுக்குப் பதினோரு வயது. நேப்பிள்ஸ் நகரத்தில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டு அடுப்பிலும் ரகூதான். தக்காளியும் இறைச்சியும் வெங்காயமும் ஆறேழு மணி நேரம் அடுப்பில் முணுமுணுத்துக்கொண்டே கிடந்து கருஞ்சிவப்பாக மாறும் குழம்பு அது. அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து பெரிய பானையை ஏற்றிவிட்டாள்.

மற்ற ஞாயிறுகளில் அது வெறும் குழம்பு. இன்றைக்கு அப்படி இல்லை.

அக்கா ரொசாரியாவுக்கு வரும் கோடையில் கல்யாணம். மாப்பிள்ளை புரூனோ வடக்கே டூரின் ஊர்க்காரர். இங்கே கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஆனால் புரூனோவின் அம்மா ஒத்தாவியா அதற்குச் சம்மதிக்கவில்லை. "சொந்தம் பந்தம் இல்லாத ஊர்ல என் பிள்ளையை விட்டுட்டு நான் எப்படித் தூங்கறது? ரெண்டு பேரும் டூரினுக்கே வந்துடட்டும்" என்று தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார். அதைப் பேசி முடிக்கத்தான் இன்று மதியம் ஒரு மணிக்கு முதல் தடவையாக இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்.

அக்கா போய்விட்டால் நுன்சியாவுக்கு யார் தலை பின்னுவார்கள்? இரவில் யாரோடு குசுகுசுவென்று பேசுவது?

"அந்தம்மா லேசுப்பட்டவங்க இல்லடி" என்று காலையிலிருந்து அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். "முப்பது வருஷம் கப்பல்ல நர்ஸா இருந்தவங்க. போன ஊர்லல்லாம் சாப்பிட்டுட்டு, 'வாழ்க்கையில ஒரு தடவையாவது சாப்பிட வேண்டியது'ன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்களாம். வியட்நாம்ல நூடுல்ஸ் சூப்பாம். மெக்சிகோவுல சாக்லேட் போட்ட குழம்பாம். மெட்ராஸ்ல தோசையாம்! மொத்தம் அறுபத்தோரு சாப்பாடு. அதுல நேப்பிள்ஸ் பேரே இல்ல!"

"ஏம்மா?"

"இங்க கப்பலை விட்டு இறங்கினதே இல்லையாம். இன்னிக்கு நம்ம குழம்புலதான் எல்லாம் இருக்கு, நுன்சியா. பத்திரமாப் பார்த்துக்கோ."

அம்மா தேவாலயத்தில் பாடப் போனாள். அங்கிருந்து அப்படியே இனிப்புக் கடை வரிசையில் நிற்கப் போவாள். அக்காவும் புரூனோவும் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அப்பா பேருந்து ஓட்டுநர். மதியம்தான் வருவார்.

நுன்சியா நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கொப்புளம். ஒரு மூச்சு. அடுத்த கொப்புளம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஐந்தாவது மாடி செவெரினோ தாத்தா நின்றிருந்தார். அந்தக் காலத்துத் தபால்காரர். சட்டைப் பையிலிருந்து ரொட்டியின் முனைத் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

"அம்மா இல்லையா? பரவாயில்ல. உப்பு சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன். ஒரே ஒரு துண்டு ரொட்டி!"

அந்த ஊரில் ஞாயிறு காலையில் குழம்பு கேட்டு யாரும் வருவதில்லை. எல்லாரும் உப்புப் பார்க்கத்தான் வருவார்கள். அதற்கு ரொட்டியின் முனைத் துண்டை எடுத்து, உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கிண்ணம்போல் ஆக்கிக்கொள்வார்கள். அந்தக் கிண்ணம் நிரம்ப இரண்டு கரண்டி குழம்பு வேண்டும்.

"தாத்தா, இன்னிக்கு விருந்தாளி..."

"தெரியும்மா! அதனாலதான் உப்புப் பார்க்கணும்கறேன்!"

அவர் உப்புப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

அடுத்து நான்காவது மாடி தித்தினா அக்காவின் இரட்டைப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு ரொட்டியோடு வந்து நின்றார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நிற்கும்போது எப்படி இல்லை என்பது? அப்புறம் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு மிம்மோ அண்ணன் வந்தான். ஏணி கொடுக்க வருகிறவன் ரொட்டியோடு ஏன் வந்தான் என்று நுன்சியா கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி. அவளுக்குப் பின்னால் அவள் தம்பி.

மற்ற ஞாயிறுகளிலும் இவர்கள் எல்லாரும் வருவார்கள். ஆனால் அப்போது அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு காவல்காரிபோல் அடுப்பருகே நிற்பாள். "போதும், நடையைக் கட்டு!" என்பாள். நுன்சியாவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவே வராது.

பன்னிரண்டு மணிக்கு அவள் மூடியைத் திறந்தாள். அவளுக்குப் பகீரென்றது.

வற்றிய குளத்தில் பாறை தெரிவதுபோல் இறைச்சித் துண்டுகள் மட்டும் நின்றன. குழம்பு அடியில் நான்கு விரல் உயரத்துக்குத்தான் இருந்தது. ஆறு பேருக்குச் சாப்பாடு. இது இரண்டு பேருக்குக்கூடக் காணாது.

தொலைபேசி மணி அடித்தது. அம்மாதான்.

"நுன்சியா! இங்க வரிசை தெருக்கோடி வரைக்கும் நீளுது. குழம்பு எப்படி இருக்கு?"

"இருக்கும்மா" என்றாள் நுன்சியா. அது பொய் இல்லை. கொஞ்சம் இருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் மறுபடியும் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். புதிதாகச் செய்யலாமா? ஆறு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் யாரால் செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையும் திறந்திருக்காது. அவள் ஒரு சொம்பை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். ஒரே ஒரு சொம்பு தண்ணீர். யாருக்குத் தெரியப் போகிறது?

அம்மாவுக்குத் தெரியும். ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவாள். அந்த டூரின் அம்மாளுக்கும் தெரியும். 'இதுதானா உங்க ஊர் சமையல்?' என்று கேட்பார். அப்புறம் அக்காவின் பெட்டிகள் ரயில் ஏறும். நுன்சியா குழாயை மூடினாள்.

ஜன்னல் வழியே காற்று அடித்தது. மேல் மாடியிலிருந்து ஒரு மணம். கீழ் மாடியிலிருந்து ஒரு மணம். எதிர் வீட்டிலிருந்து இன்னொன்று. எல்லாம் ரகூ மணம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். மூடி போட்ட ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு ஓடினாள்.

செவெரினோ தாத்தா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! உப்புப் பார்த்தே தீர்த்துட்டோமா?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டி ஊற்றினார். "எங்க வீட்டுக்கும் வேணும், அதனால இவ்வளவுதான். ஆனா ஒண்ணு. தித்தினா குழம்பை இதோட சேர்த்துடாதே. அவ கேரட் போடறா. கேரட்! மனுஷங்க செய்யற காரியமா அது?"

நான்காவது மாடியில் தித்தினா அக்காவும் கரண்டியை எடுத்தாள். "கிழவர் குழம்புல ஒரு சொட்டுகூட இதுல கலந்துடக் கூடாது, சொல்லிட்டேன். ஒயினா ஊத்தித் தள்ளுவாரு!"

"சரிக்கா" என்று நுன்சியா மூடியைச் சற்றே திறந்து பிடித்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தித்தினா அக்கா எட்டிப் பார்த்துவிடாதபடி பாத்திரத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

மிம்மோ அண்ணன் வீட்டுக் குழம்பில் மிளகாய். இரண்டாவது மாடியில் வெங்காயம் தூக்கல். முதல் மாடியில் இரண்டு வீடு. அங்கும் ஆளுக்கொரு கரண்டி, ஆளுக்கொரு எச்சரிக்கை. எதிர் வீட்டுப் பாட்டுக்காரம்மா பால்கனியிலிருந்து கயிற்றுக் கூடையில் ஒரு ஜாடியை இறக்கினாள். நுன்சியா தெருவில் நின்று அதை வாங்கிக்கொண்டாள்.

ஏழு வீடு. ஏழு ருசி. ஒருவர் குழம்பை மற்றவர் கண்ணால்கூடப் பார்க்கச் சம்மதிக்காத அந்த ஏழையும் அவள் ஒரே பானையில் ஊற்றினாள். கரண்டியால் கலக்கும்போது ஏதோ குற்றம் செய்வதுபோல் இருந்தது. ருசி பார்த்தாள். பயத்தில் நாக்கு வறண்டு கிடந்ததால் ஒன்றுமே தெரியவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க!" என்ற அம்மாவின் குரலும் கேட்டது.

ஒத்தாவியா அம்மாள் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். வெள்ளைக் காலர். சிரிக்காத முகம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன்னலை எல்லாம் திறந்து வெச்சிருந்தா தெருச் சத்தம் உள்ள வராதா?" என்று கேட்டார்.

"வரும். நாங்களும் பதிலுக்குக் கத்துவோம்" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. நிம்மதியாகக் குழாய்ப் பாஸ்தாவை வேகவைத்து, குழம்பை ஊற்றி, பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி ஆறு தட்டில் பரிமாறினாள். தானும் உட்கார்ந்து முதல் வாய் வைத்தாள்.

அம்மாவின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் மெல்ல முகத்தைத் திருப்பி நுன்சியாவைப் பார்த்தாள். விருந்தாளி போகட்டும், அப்புறம் இருக்கிறது உனக்கு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

ஒத்தாவியா அம்மாள் பேசாமல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரொசாரியா சாப்பிடவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு காலியானது. அவர் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துத் தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார்.

"நோட்டை எடுக்கட்டுமாம்மா?" என்று புரூனோ மெல்லக் கேட்டார்.

"நோட்டு கெடக்கு. ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு." அவர் நுன்சியாவின் அம்மா பக்கம் திரும்பினார். "ஒரு வாய்ல ஒயின் மணக்குது. அடுத்த வாய்ல கேரட் இனிக்குது. அப்புறம் எங்கேயோ மிளகாய் சுள்ளுங்குது. இந்த மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்ல. எப்படிச் செஞ்சீங்க?"

"அது... வந்து..." அம்மாவின் முகம் சிவந்தது. கேரட் என்ற வார்த்தையே அவள் சமையலறையில் ஒலித்ததில்லை.

அம்மா திணறுவதை நுன்சியாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"அம்மா செஞ்ச குழம்பு தீர்ந்துடுச்சு, அத்தை. வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் குடுத்துட்டேன். அப்புறம் ஏழு வீட்டுல போய்க் கேட்டு வாங்கி ஒண்ணாக் கலந்துட்டேன். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தப்பு என்னோடது. அதுக்காக அக்காவைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க!"

கடைசி வாக்கியம் அவளை மீறி வந்துவிட்டது. கூடவே கண்ணீரும்.

ரொசாரியா எட்டித் தங்கையின் கையைப் பிடித்தாள்.

"ஏழு வீடா?" என்றார் ஒத்தாவியா அம்மாள்.

"ஆமா."

"கேட்டதும் குடுத்துட்டாங்களா? எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. ஆனா கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டுதான் கேட்டாங்க."

அவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"டூரின்ல எங்க எதிர் வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமா எதிரும் புதிருமா இருக்கோம். போன டிசம்பர் குளிர்ல காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்திருந்தேன். ஒருத்தரும் கதவைத் தட்டலை."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்று பதறினார் புரூனோ.

"சொன்னா ஓடி வந்திருப்பே" என்றவர், தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடுங்க, சம்பந்தியம்மா."

அம்மா கரண்டி நிறைய ஊற்றினாள். ஊற்றிவிட்டு, போகிற போக்கில் நுன்சியாவின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

ஒத்தாவியா அம்மாள் முள்கரண்டியை எடுத்தார். பிறகு ஏதோ யோசித்தவராய் அதைக் கீழே வைத்தார்.

"இந்தக் கட்டடத்துல எனக்கு வீடு ஏதாவது காலியா இருக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது மாடியில இருக்கு!"

நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. ஒன்று அக்காவுடையது, ஒன்று அப்பாவுடையது, ஒன்று நுன்சியாவுடையது. நான்காவது, சாத்தியிருந்த வாசல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.