லேபிள் இல்லாத மூன்று புட்டிகள்

வியாழன், காலை 7.10. கடலாய்வு நிலையத்துப் படித்துறைக்குக் கீழே டாக்டர் பார்த்துல் குப்புற மிதந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் அவருடைய வாளி.

7.40. இன்ஸ்பெக்டர் நெவென்கா வந்து சேர்வதற்குள் தீவே தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. கொன்றவன் சிப்பி வளர்க்கும் ஷீமே. விரிகுடாவில் நச்சுப்பாசி என்று அறிக்கை கொடுத்து அவன் வியாபாரத்தை முடக்கியவர் பார்த்துல். அவரைக் கடலிலேயே அமுக்குவேன் என்று அவன் சாராயக் கடையில் கத்தியிருந்தான். அன்று ஆறரைக்கு அவனைப் படித்துறையில் பார்த்தவர்களும் உண்டு.

குளிர்ந்த கடலில் கிடந்த உடலை வைத்து மருத்துவரால் நேரம் சொல்ல முடியவில்லை. ஆய்வகத்து உறைபெட்டி சொன்னது. உள்ளே புதன்கிழமைப் புட்டிகளோடு இன்னொரு புட்டி கடல்நீர். அதன் மேல் 'வியாழன், காலை 6.00' என்று பார்த்துலின் கோழிக்கிறுக்கல். ஆறு வருடமாக விடியலில் ஒரு புட்டி, அந்தியில் ஒரு புட்டி. அதில் கரைந்திருக்கும் சர்க்கரைகளையும் அமிலங்களையும் அளப்பதுதான் அங்கே பிழைப்பு. நீரை உறையவைத்துவிட்டு வாளி கழுவ இறங்குவார். அப்படியானால் ஆறு மணிக்கு மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். அவருடைய உதவியாளர் ரோக்கோ காலை ஐந்தரைப் படகிலேயே கரைக்குப் போய்விட்டார். இருபது பேர் சாட்சி.

உறைபெட்டியில் இருந்த புட்டிகளையெல்லாம் போலீஸ் எடுத்துக்கொண்டது. ஷீமேயை உள்ளே தள்ளினார்கள். செவ்வாய்க்கிழமை கரைக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நிறுத்துவதாக ஏற்பாடு.

வெள்ளி, மாலை 4.00. வடகாற்று கிளம்பியது. கம்பிக்குப் பின்னால் ஷீமே கும்பிட்டான்.

"சிப்பி தொங்குற கயிறெல்லாம் அறுந்துரும்மா. ரெண்டு மணி நேரம் விடுங்க. கட்டிட்டு நானே வந்துடறேன்."

நெவென்கா விடவில்லை. சட்டம் அப்படி. அவளுக்கே அவள்மேல் எரிச்சலாக வந்தது.

5.00. ஆய்வக அலமாரியில் சனி, ஞாயிறுக்கான காலிப் புட்டிகள் நின்றன. எல்லாவற்றிலும் தேதியும் நேரமும் எழுதியாகிவிட்டது. அவள் கேட்டதற்கு, கரையிலிருந்து திரும்பியிருந்த ரோக்கோ சிரித்தார். ஈரக்கையால் லேபிள் ஒட்ட வராதாம். வாரத்துக்கு வேண்டியதைப் பார்த்துல் திங்களன்றே எழுதி ஒட்டிவிடுவாராம்.

மேசையில் அச்சுக்குப் போகவிருந்த ஆய்வுக் கட்டுரை. மேலே ஒரே பெயர், பார்த்துல்.

"உங்க பேரைக் காணோமே?"

"எடுத்துட்டாரு. பழகிப்போச்சு."

சனி, காலை 9.00. நெவென்கா லேபிள் இல்லாத மூன்று புட்டிகளை ரோக்கோவிடம் நீட்டினாள். போன வருஷத்துப் பெட்டி, நம்ம பசங்க இடம் மாத்தும்போது லேபிள் உரிந்துவிட்டது, எது எந்த வேளை என்று தெரிந்தால் திருப்பி அடுக்கிவிடலாம் என்று பச்சைப்பொய் சொன்னாள். ரோக்கோ போலீஸை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மாலைக்குள் ஷீமேயின் கயிறுகள் அத்தனையும் அறுந்து, இரண்டு வருடச் சிப்பி கடலடிக்குப் போனது.

திங்கள், காலை 11.00. ரோக்கோவின் முகத்தில் பெருமை.

"முதல் புட்டி விடியல். சர்க்கரையே இல்ல, ராத்திரி கிருமிங்க தின்னு தீர்த்திருக்கு. மத்த ரெண்டும் அந்தி. பகல் பூரா பாசி வெயில்ல சமைச்ச சர்க்கரை அப்படியே இருக்கு."

"ரெண்டுமேவா?"

"ரெண்டும் ஒரே வாளித் தண்ணி, இன்ஸ்பெக்டரம்மா. இல்லேன்னா இந்த அளவுக்கு எண் ஒத்துப்போகாது. நான் அளந்தா தப்பாது."

நெவென்கா பையிலிருந்து மூன்று லேபிள்களை எடுத்துப் புட்டிகளின் முன்னால் வைத்தாள். புதன் காலை. புதன் மாலை. வியாழன், காலை 6.00.

ரோக்கோ மூன்றாவது லேபிளைக் கையில் எடுத்தார்.

"புதன் சாயங்காலமே அவர் செத்தாச்சு," என்றாள். "அந்தித் தண்ணியில பாதியை, அவர் முன்னாடியே எழுதி வச்ச விடியல் புட்டியில ஊத்துனீங்க. காலைப் படகு ஏறிட்டீங்க. யாரு அளந்தாலும் மாட்டுவீங்க. ஆனா இங்க அளக்கிறது நீங்க மட்டும்தானே? லேபிளைப் பார்த்து ஏத்த எண்ணை எழுதிக்கலாம்னு இருந்தீங்க. அந்த லேபிளைத்தான் நான் உரிச்சேன்."

ரோக்கோ லேபிளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். புதனன்று அந்தி வாளி தூக்கும்போது கட்டுரையில் தன் பெயரைப் பற்றிக் கேட்டாராம். "பாட்டில் கழுவறவனுக்கு எதுக்குடா பேரு" என்றாராம் பார்த்துல். வாளி தூக்கக் கையில் வைத்திருந்த இரும்புக் கொக்கியாலேயே ரோக்கோ அவரை அடித்திருக்கிறார்.

நெவென்கா அளவுத்தாளை அவர் பக்கம் நகர்த்திப் பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

"அளந்தவர்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க, டாக்டர். இதுல உங்க பேரை யாரும் எடுக்க மாட்டாங்க."

ரோக்கோ முழுப்பெயரையும் எழுதினார்.