அரக்கு முத்திரையை உடைத்தவள்

நெய்தற்பட்டினத்துக் கழிமுகத்தில் ஆதவன் மேற்கே சரிய, கிழக்கே கடலின் விளிம்பில் முழுமதி எழுந்து, ஆற்றுநீரின் ஒரு பாதியைப் பொன்னாகவும் மறுபாதியை வெள்ளியாகவும் மாற்றிய அந்த அந்தியின் அழகை விரிவாக வர்ணிக்கப் புகுந்தால், வாசகர்களே, நம் கதாநாயகி நம்மை மன்னிக்கவே மாட்டாள். அன்று அவளுக்கு நிலவைப் பார்க்க நேரமில்லை.

அவள் பெயர் நல்லமங்கை. கடல் கடந்து செல்லும் துணிகளைச் சோதிக்கும் நோட்டக்காரி. ஒவ்வொரு பொதியின் நடுவயிற்றிலிருந்தும் ஒரு துகிலை உருவி, ஒரு நாழிகை நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியின்மேல் பிழிந்து, சாயம் ஒட்டவில்லையென்றால் அரக்கை உருக்கித் தன் சங்கு முத்திரையைப் பதிப்பாள். அந்த முத்திரையில்லாத பொதி எதுவும் மரக்கலம் ஏறாது. அந்த முத்திரை அவள் கைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும்போது அவளுக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது.

செண்பகத் தீவுக்குப் போகும் அறுபது பொதிகளுக்கும் அன்று காலையே முத்திரை வைத்தாகிவிட்டது. ஆனாலும் மனம் ஆறாமல், கடைசிப் பொதியின் சிவப்புத் துகிலைக் கையில் வைத்துக்கொண்டு துறையில் நின்றாள். சென்ற ஆண்டு தீவிலிருந்து வந்த ஓலைதான் அவளைக் குடைந்தது. 'இளவரசரின் முடிசூட்டு விழாவில் மங்கல நீராட்டியபோது உங்கள் செந்துகில் மஞ்சளாகிவிட்டது. மறுமுறை இப்படி நேர்ந்தால் எங்கள் துறைமுகம் உங்களுக்கு மூடப்படும்' என்றது அது. சிவப்பாவது மஞ்சளாவதாவது என்று வணிகசபையே வயிறு குலுங்கச் சிரித்தது.

"நோட்டக்கார நங்கையே! இன்னுமா அந்தத் துகிலோடு வழக்காடுகிறீர்?" என்று கலத்தின் முன்முனையான அணியத்திலிருந்து குரல் வந்தது. தீவிலிருந்து கலம் செலுத்திவந்த மீகாமன் தரன். நாலு நாளாக அவளைச் சீண்டுவதே அவனுக்கு வேலை. நாலு நாளாக அதை எதிர்பார்த்திருப்பதே தன் வேலையாகிவிட்டதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

"மீகாமரே, நீர் சுக்கானைப் பாரும். துகிலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"பருவத்தின் கடைசிக் காற்று இது. இதை விட்டால் கலம் ஏழு மாதம் இங்கேயே கிடக்கும். பூசையை முடித்துப் புறப்பட உத்தரவு தாரும்!"

சொல்லிக்கொண்டே, கலம் புறப்படுமுன் செய்கிற வழக்கப்படி ஓர் எலுமிச்சம்பழத்தை அணியத்தின்மேல் ஓங்கி அடித்தான். அது சிதறியது, சாறு தெறித்து அவள் முகத்திலும் துகிலிலும் விழுந்தது. கோபத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டவள், கையிலிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

சாறு பட்ட இடமெல்லாம் மஞ்சள்!

"பதிமுகக் கட்டைச் சாயம்!" என்று அலறினாள். "இது சாயவேர்ச் சிவப்பே அல்ல! நீருக்கு அசையாது, புளிப்புக்கு மாறிவிடும். ஐயோ, நாங்கள் வெறும் நீரில் நனைத்தே ஏமாந்திருக்கிறோமே!"

வணிகசபைத் தலைவர் கோவூர் எட்டியார் விரைந்து வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மா, மெல்லப் பேசு. முத்திரை வைத்தது வைத்ததுதான். கலம் போகட்டும். தன் முத்திரையைத் தானே உடைப்பவர் அதைச் சபையிடம் ஒப்படைத்துவிட வேண்டும், விதி தெரியுமல்லவா?"

தெரியும். நன்றாகவே தெரியும். இருந்தும் குனிந்து, கீழே கிடந்த கல்லை எடுத்துப் அருகிலிருந்த கடைசிப் பொதியின் அரக்கைப் பொடிப்பொடியாக உடைத்தாள். இடுப்பிலிருந்த முத்திரையை எடுத்து எட்டியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அறுபதையும் பிரிக்கச் சொல்லுங்கள், ஐயா. எலுமிச்சை நிறைய வேண்டும்."

"காற்று போய்விடுமே, பெண்ணே!"

"போகட்டும்."

அப்போது அணியத்திலிருந்து மணலில் குதித்த மீகாமன், எட்டியாரின் எதிரே வந்து நின்றான். அதுவரை இருந்த விளையாட்டுக் குரல் மாறியிருந்தது.

"எட்டியாரே, அந்த முத்திரையை அவரிடமே கொடும். செண்பகத் தீவின் துறைமுகம் இனி அந்தச் சங்கு முத்திரைக்கு மட்டுமே திறக்கும். அதுவும் அது இவர் கையில் இருக்கும்வரைதான்."

"இதைச் சொல்ல நீர் யார்?" என்று சீறினார் எட்டியார்.

தரன் கச்சையிலிருந்து நவமணி இழைத்த கணையாழியை எடுத்து விரலில் அணிந்தான். அதில் செண்பக மலர் இலச்சினையைக் கண்டதும் எட்டியாரின் முழங்கால்கள் தாமாகவே மணலில் படிந்தன. முத்திரை மின்னல் வேகத்தில் நல்லமங்கையின் கைக்குத் திரும்பியது.

"இங்கே நோட்டம் பார்ப்பவர் கள்ளரா, அறியாதவரா என்று கண்டுவரவே வந்தேன். கள்ளரானால் துறைமுகத்தை மூடும் ஓலையும் கொண்டுவந்தேன்" என்றவன், அவள் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்க முடியாமல் தலைவணங்கினான். "எங்கள் நாட்டு மங்கல நீரில் எலுமிச்சைச் சாறும் உண்டு, தேவி. பதினாயிரம் பேர் பார்த்திருக்க, முடிசூட்டு மேடையில் செக்கச்செவேலென்று ஏறி மஞ்சள்கிழங்குபோல் இறங்கிய அந்த இளவரசன் அடியேன்தான்!"