ஏழாம் வகுப்பு டீச்சர்

"ஏங்க... புக்கை மிதிக்கிறீங்க! கண்ணு தெரியாதா?"

கழக்கூட்டத்திலிருந்து தம்பானூர் போகும் பஸ். வெளியே கொட்டும் மழை, உள்ளே நெரிசல். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்ட ஆவுடைத்தாயின் மடியிலிருந்து நழுவிய புத்தகம், ஓர் இளைஞனின் ஈரச் செருப்புக்கடியில் கிடந்தது; விழித்ததும் கத்திவிட்டாள்.

"அய்யோ, ஸாரி கேட்டோ!" மலையாளம் கலந்த தமிழில் பதறியபடி குனிந்து எடுத்தவன், அட்டையைத் தன் சட்டையிலேயே துடைத்தான். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல். "மகளோட புக்கா?"

மகளா! இருபத்தொன்பது வயதுதான் ஆகிறது. காலையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ரிசப்ஷனில் நின்று சிரித்த களைப்பு, முகத்தை அவ்வளவு மூப்பாக்கிவிட்டதா...?

"எனக்குக் கல்யாணமே ஆகல!"

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அப்போ... டீச்சராக்கும்?"

அரசு வேலைக்கான பி.எஸ்.சி. கிளார்க் தேர்வை மூன்றாம் தடவையாக எழுதப் போகிறேன், அதற்காக ஐந்தாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடப்புத்தகத்தையும் முதலிலிருந்து படிக்கிறேன் என்று முன்பின் தெரியாதவனிடம் சொல்ல வேண்டுமா?

"ஆமா. டீச்சர்தான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். தூக்கத்துக்கு ஏங்கிச் சிவந்த கண்கள்... அப்படியும் சிரித்தன.

அவன் பெயர் செல்வகணேஷ். ஏசி மெக்கானிக். மறுநாளும் அதே பஸ்ஸில் வந்தான். அதற்கு மறுநாள், பக்கத்தில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

"டீச்சரே, ஒரு சந்தேகம்... அட்சரேகை, தீர்க்கரேகை எப்பவும் மாறிப் போகுது. எனக்கில்ல, எங்க அக்கா பையனுக்கு."

"அட்சரேகை படுத்திருக்கும், தீர்க்கரேகை நிக்கும்."

"குடுத்து வச்சது... நிம்மதியா படுத்திருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். ரிசப்ஷன் சிரிப்பு இல்லை அது. நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நிற்க, கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருக்கும்... அந்த அக்கா பையனுக்கு தினமும் ஒரு சந்தேகம் வரும். வீட்டில் மட்டும் அம்மா, "இந்தப் பரீட்சைதான் கடைசி, கேட்டியா? அப்புறம் நாங்க பாக்கிற பையன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தேர்வு நாள் வந்தது. ஹாலில் தன் பெஞ்சைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள் ஆவுடைத்தாய். முன் பெஞ்சில் இருந்தவன் திரும்பினான்.

செல்வகணேஷ்!

இருவர் முகத்திலும் ரத்தம் ஏறியது. முதலில் அவன்தான் மெல்லக் கேட்டான். "டீச்சருக்கு... இங்க என்ன வேலை?"

"உங்க அக்கா பையன் வரலியா?"

"எனக்கு அக்காவே கிடையாது..."

கண்காணிப்பாளர் அதட்டும்வரை இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று மாலை திரும்பும் பஸ்ஸில் எல்லாப் பொய்களையும் அவிழ்த்துக் கொட்டினார்கள். அவனுக்கு இது நான்காவது தேர்வு. வேலையும் அவள் கம்பெனி இருக்கும் அதே வளாகத்தின் மெயின்டனன்ஸில்தான். பகலெல்லாம் ஏணியில், ராத்திரியெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில்... அவன் சொல்லச் சொல்ல, தன் கதையையே கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

பல மாதங்கள் கழித்து ரேங்க் லிஸ்ட் வந்தது. அவள் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை.

அன்றிலிருந்து பஸ்ஸில் அவனைக் காணவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரு மெசேஜ் மட்டும்... "வாழ்த்துகள். இனி உங்களுக்கு நல்ல இடத்துல அமையும்."

நல்ல இடமாம்! கோபத்தில் கண் நிறைந்தது அவளுக்கு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ரிசப்ஷன் போனை எடுத்து மெயின்டனன்ஸுக்குப் பேசினாள். "ஏசி ஓடல. செல்வகணேஷையே அனுப்புங்க."

ஏணியோடு வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே ஏறினான். குளிர்ந்த காற்று அவன் நெற்றியில் அடித்தது.

"ஏசி ஓடுதே...?"

"ஏசி ஓடலன்னு நான் சொன்னது பொய். ஓடிப்போனது நீங்கதான்."

அவன் கைகள் நின்றன. "தோத்துப் போனவன்கூட எதுக்கு..."

"நான் ரெண்டு தடவ தோத்தவ. அப்பவெல்லாம் என்கூட யாரும் இல்ல. லிஸ்ட்ல பேர் வந்தா இத்தனை வருஷக் களைப்பும் இறங்கிரும்னு நெனச்சேன்... இறங்கல. நீங்க பக்கத்துல இருந்த நாள்லதான் எனக்குக் களைப்பு தெரியல. எங்க அம்மாகிட்ட பேசிட்டேன். பையனைக் கூட்டிட்டு வான்னாங்க. வருவீங்களா?"

ஏணியின் உச்சியில் நின்றபடி அவன் மெல்லச் சொன்னான்.

"லிஸ்ட் வந்தப்போ உங்க பேரைத்தான் முதல்ல தேடினேன். பாத்ததும் அப்படி ஒரு சந்தோஷம்... என் பேரும் வரணும்ல, அதைத் தேடவேயில்லன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இறங்கி வாங்க... எனக்குக் கழுத்து வலிக்குது."

அவன் இறங்கி வந்தான்.